தேயாத இரண்டாம் பக்கம்

"பாஸ்டனோட ரெண்டாவது ஆல்பமா? முதல் ஆல்பத்தோட ஜெராக்ஸ்டா அது. அதுவும் டோனர் தீரப்போற நேரத்துல எடுத்த ஜெராக்ஸ்." கிட்டார் வாசிக்கிற நண்பன் ஒருவன் டீக்கடையில் நின்றபடி போகிறபோக்கில் சொன்னது. சொல்லிவிட்டு அவன் வேறு பேச்சுக்குப் போய்விட்டான். எனக்குத்தான் அது மனதை விட்டுப் போகவில்லை. அவன் ஒன்றும் புதிதாகச் சொல்லிவிடவில்லை. 1978 ஆகஸ்டில் பாஸ்டன் என்ற அமெரிக்க ராக் குழுவின் இரண்டாவது ஆல்பமான 'டோன்ட் லுக் பேக்' வெளிவந்ததிலிருந்தே ஹார்ட் ராக் கேட்கிறவர்கள் அந்த ஆல்பத்தைப் பற்றிச் சொல்வது பெரும்பாலும் மூன்று விஷயங்கள்தான். முதல் ஆல்பம் மாதிரியே இருக்கிறது. ரொம்பச் சின்னதாக இருக்கிறது. அவசரத்தில் முடித்தது தெரிகிறது. இதற்கு எதிர்ப்பக்கம் ஒரு சின்னக் கூட்டம் உண்டு, முதலாவதைவிட இதுதான் நல்ல ஆல்பம் என்று சாதிக்கிற கூட்டம். அதில் நான் இல்லை. ஆனால் முதல் கூட்டத்தோடும் போய் உட்கார முடியவில்லை.

மூன்று குறைகளில் எதுவுமே பொய் இல்லை என்பதுதான் சிக்கல். கிட்டார்கள் அடுக்கடுக்காக ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும் அதே ஒலி. பாடகர் பிராட் டெல்பின் குரல் பல தடங்களில் பதிவாகித் தனக்குத்தானே கோரஸ் பாடும் அதே வித்தை. அட்டையில்கூட அதே கிட்டார் வடிவ விண்கலம். முதல் ஆல்பம் 38 நிமிடத்தை நெருங்குகிறது என்றால் இது 34 நிமிடத்தைக்கூடத் தொடவில்லை. எல்லாம் சரி. ஆனால் ஒவ்வொரு குறையும் சரியாக இருந்தும், மூன்றையும் கூட்டினால் வருகிற தீர்ப்பு நான் கேட்ட ஆல்பத்துக்குப் பொருந்தவில்லை. அதற்கு ஒரு காரணம், நான் அதை ஆல்பமாகவே முதலில் கேட்கவில்லை.

கல்லூரி விடுதியில் ஒரு சீனியர் பர்ன் பண்ணிக்கொடுத்த எம்பி3 சிடியில்தான் பாஸ்டன் எனக்கு அறிமுகம். சிடியின் மேல் மார்க்கர் பேனாவில் 'ராக் மிக்ஸ்' என்று மட்டும் எழுதியிருக்கும். உள்ளே இசைக்குழுவுக்கு ஒரு ஃபோல்டர், ஃபோல்டருக்குள் பாட்டுகள், அவ்வளவுதான். ஆல்பம், வருடம் என்று எந்தத் தகவலும் கிடையாது. பாஸ்டனின் முதல் ஆல்பத்தில் எட்டுப் பாட்டு, இரண்டாவதிலும் எட்டு. பதினாறும் ஒரே குவியலாக ஆங்கில அகரவரிசையில் நின்றன. ஆக, இரண்டாவது ஆல்பத்தின் முதல் பக்கத்துக் கடைசிப் பாட்டான 'எ மேன் ஐல் நெவர் பி' எனக்குத் தலைப்பாட்டு ஆகிவிட்டது. அதன் பின்னால் 'டோன்ட் பி அஃப்ரெய்ட்', 'டோன்ட் லுக் பேக்' என்று வரிசை போகும். ஊரறிந்த 'மோர் தேன் எ ஃபீலிங்' நடுவில் எங்கோ, ஒன்பதாவதாக வரும். பாடலில்லாத 'தி ஜர்னி' கிட்டத்தட்ட பட்டியலின் கடைசியில் கிடந்தது. ஆரம்பமாகி, மிதந்து, ஒன்றும் சொல்லாமல் முடிந்துவிடும். அடுத்ததாக 'யூஸ்டு டு பேட் நியூஸ்' வந்து குதிக்கும். ரைட் பண்ணும்போது ஏதோ பாட்டு பாதியில் அறுந்துவிட்டது என்றுதான் விடுதியில் நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அந்தக் குவியலில் எனக்கென்று விருப்பு வெறுப்பு இல்லாமல் இல்லை. 'எ மேன் ஐல் நெவர் பி'யும் 'ஹிட்ச் எ ரைட்'டும் திரும்பத் திரும்பப் போடுகிற பாட்டுகள். ஒன்று இரண்டாவது ஆல்பம், மற்றது முதலாவது. 'பார்ட்டி' வந்தால் தள்ளிவிடுவேன், 'லெட் மி டேக் யூ ஹோம் டுநைட்' வந்தாலும் தள்ளிவிடுவேன். இதிலும் ஒன்று இங்கே, ஒன்று அங்கே. 'பார்ட்டி'க்கும் அதிலிருந்து மூன்று பாட்டு தள்ளி வரும் 'ஸ்மோக்கின்'னுக்கும் ஏதோ ஒட்டுறவு இருக்கிறது என்று மட்டும் அப்போதே காதுக்குத் தெரிந்தது. மற்றபடி, இந்தப் பதினாறில் பாதி அசல், பாதி நகல் என்று யாராவது சொல்லியிருந்தால் எது எது என்று பிரித்துக் காட்டச் சொல்லி நானே கேட்டிருப்பேன்.

வெளியீட்டுத் தேதி தெரிந்த காது

பிற்பாடு விவரங்கள் தெரியவந்தபோது, காதுக்கு முன்னால் கதை ஓட ஆரம்பித்தது. பாஸ்டன் குழுவை உருவாக்கிய டாம் ஷோல்ஸ் கதை ராக் கேட்கிறவர்களுக்கு மனப்பாடம். எம்.ஐ.டி.யில் இயந்திரப் பொறியியல் படித்துவிட்டு போலராய்டில் வேலை பார்த்த மனிதர். மாசசூசெட்ஸின் வாட்டர்டவுனில் தன் வீட்டு நிலவறையில் 12 டிராக் ரெக்கார்டரை வைத்துக்கொண்டு கிட்டார், பாஸ், ஆர்கன் என்று ஒவ்வொன்றாகத் தானே வாசித்து அடுக்கியவர். பெரிய ஸ்டுடியோவில்தான் பதிவு செய்ய வேண்டும் என்று எபிக் இசைத்தட்டு நிறுவனம் பிடிவாதம் பிடிக்க, தயாரிப்பாளர் ஜான் பாய்லன் குழுவில் மற்றவர்களை லாஸ் ஏஞ்சலிஸுக்குக் கூட்டிப்போய்க் கம்பெனியின் கண்ணுக்கு வேலை நடப்பதாகக் காட்டிக்கொண்டிருந்தார். நிஜமான வேலை அந்த நிலவறையில் நடந்துகொண்டிருந்தது. அந்த ஏற்பாட்டுக்காக லாஸ் ஏஞ்சலிஸில் நிஜமாகவே பதிவான பாட்டுதான் நான் தள்ளிவிட்டுக்கொண்டிருந்த 'லெட் மி டேக் யூ ஹோம் டுநைட்'. இது தெரிந்தபோது கொஞ்சம் அல்ப சந்தோஷம் வந்தது என்பதை மறைப்பானேன்.

1976 ஆகஸ்டில் அந்த ஆல்பம் வந்தது. அமெரிக்காவில் மட்டும் 1 கோடியே 70 லட்சம் பிரதிகளுக்குச் சான்றிதழ் வாங்கிய ஆல்பம். இப்படி ஒன்று விற்றுவிட்டால் கம்பெனி சும்மா இருக்குமா? அடுத்தது எங்கே என்று ஷோல்ஸைக் குடைய ஆரம்பித்தது. அவரோ நிதானமாக வேலை செய்கிறவர், அதிலும் தன் ஒலியில் ஒரு தூசியைக்கூட விட்டுவைக்காதவர். இரண்டு வருடத்தில் இரண்டாவது ஆல்பம் வந்தது. அந்தக் காலத்து வழக்கத்துக்கு அது நீண்ட இடைவெளி. ஃபாரினர் குழு முதல் ஆல்பத்தை 1977 மார்ச்சிலும் இரண்டாவதை 1978 ஜூனிலும் கொண்டுவந்துவிட்டது. ஷோல்ஸுக்கு அந்த இரண்டு வருடமே போதவில்லை. ஆல்பம் அமெரிக்காவின் பில்போர்டு விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. முதல் ஆல்பம்கூட மூன்றாம் இடத்தைத் தாண்டவில்லை. தலைப்புப் பாட்டு நான்காம் இடம் போனது, 'மோர் தேன் எ ஃபீலிங்' ஐந்தோடு நின்றது. இத்தனைக்குப் பிறகும் ஷோல்ஸ் தன் இரண்டாவது ஆல்பத்தைப் பற்றித் திருப்தியாகப் பேசவில்லை. முடிப்பதற்கு முன்பே பிடுங்கிக்கொண்டார்கள், ரொம்பச் சின்னது, இன்னும் ஒரு பாட்டாவது இருந்திருக்க வேண்டும் என்பதுதான் அவர் பக்கத்துப் பேச்சு.

ஆக்கியவரே வாயைத் திறந்து குறை சொல்லிவிட்டால் கேட்கிறவன் விடுவானா? இந்த ஆல்பத்தைப் பற்றிய ரசிகர் அபிப்பிராயத்தில் பாதி ரசிகருடையதே இல்லை என்று எனக்குப் படுகிறது. அது ஷோல்ஸின் அதிருப்தி, கைமாறிக் கைமாறி வந்தது. "அவசரம் காதில் கேட்கிறது" என்கிறார்கள். எந்த இடத்தில் கேட்கிறது என்று கேட்டால் பதில் வராது. ஒலிப்பதிவில் அவசரமா? அதைவிட மெருகான ஒலிப்பதிவை 1978இல் தேடித்தான் பிடிக்க வேண்டும். வாசிப்பில் அவசரமா? சிப் ஹாஷியனின் டிரம்ஸில் ஒரு அடி பிசகில்லை.

அவசரம் என்பது இரண்டாவது ஆல்பங்களுக்குப் பொதுவான வியாதிதான், ஆனால் எல்லோரையும் அது படுக்கையில் தள்ளியதில்லை. லெட் ஸெப்லின் 1969 ஜனவரியில் முதல் ஆல்பத்தையும் அக்டோபரில் இரண்டாவதையும் வெளியிட்டார்கள். இரண்டாவதை ஊர் ஊராகச் சுற்றுப்பயணம் போகிற வழியில் கிடைத்த ஸ்டுடியோக்களில் பதிவு செய்தார்கள். அதை யாரும் அவசர ஆல்பம் என்று ஒதுக்கவில்லை. பிளாக் சபாத் 1970 பிப்ரவரியில் ஒன்று, செப்டம்பரில் ஒன்று. இரண்டாவதான 'பாரனாய்ட்'டின் தலைப்புப் பாட்டே ஆல்பம் போதாமல் கடைசி நேரத்தில் போட்டு நிரப்பியது. இன்று அந்தக் குழுவின் பெயரைச் சொன்னாலே முதலில் நினைவுக்கு வருவது அந்த நிரப்பிதான். அவசரமாக வேலை செய்து பழகியவனுக்கு அவசரம் ஒத்துக்கொள்கிறது. மெதுவாகச் செய்கிறவனை அவசரப்படுத்தினால் என்ன ஆகும் என்பது வேறு கேள்வி. பாஸ்டன் விஷயத்தில் அதற்கு நான் நினைத்திராத இடத்தில் பதில் கிடைத்தது.

இரு பக்கமும் ஒரு பக்கமும்

வேலை நிமித்தம் மாசசூசெட்ஸில் இருந்த காலத்தில், ஓய்வு பெறும் வயதை நெருங்கிக்கொண்டிருந்த ஒருவர் எங்கள் குழுவில் இருந்தார். உள்ளூர்க்காரர். 1976இல் பள்ளி மாணவர். மதிய உணவு நேரத்தில் பேச்சு இசைப்பக்கம் திரும்பியபோது என் எம்பி3 சிடி கதையைச் சொன்னேன். 'மோர் தேன் எ ஃபீலிங்' ஒன்பதாவது பாட்டு என்றதும் மனிதர் முகத்தில் ஏதோ குடும்பச் சொத்து திருடுபோன மாதிரி ஒரு பாவனை. அந்த வார இறுதியில் வீட்டுக்கு வரச் சொன்னார், வரிசையாகக் கேட்கவேண்டியதை வரிசையாகக் கேள் என்று.

அவர் வீட்டு நிலவறையில் ஒரு பழைய டர்ன்டேபிள், இரண்டு பெரிய ஸ்பீக்கர், சுவரோரம் இசைத்தட்டுகள். ஆடியோ சாதனப் பித்து உள்ளவர் இல்லை, தட்டுகளை வெல்வெட் துணியால் துடைக்கிற ரகமும் இல்லை. பள்ளிக்கூட நாளில் கோடை விடுமுறை வேலையில் சம்பாதித்து வாங்கிய தட்டுகள். எல்லாம் நன்றாக உழைத்துத் தேய்ந்தவை, சிலவற்றின் அட்டையில் பென்சிலில் அவர் பெயர். முதல் ஆல்பத்தை இருபக்கமும் போட்டார். இரண்டு பக்கமும் பொரிந்தது. பாட்டுக்கு நடுவே சடசடவென்று சத்தம், ஒரு இடத்தில் முள் குதித்து ஒரு சுற்றைத் தாண்டிவிட்டது. அவருக்கு அது எந்த இடம் என்று தெரியும். அதற்கு அரை நொடி முன்னாலேயே விரலைத் தூக்கிக் காட்டினார்.

அப்புறம் 'டோன்ட் லுக் பேக்'. முதல் பக்கம். 'மோர் தேன் எ ஃபீலிங்' தூரத்திலிருந்து மெல்ல நெருங்கி வருகிற பாட்டு. இது அப்படியில்லை, எடுத்த எடுப்பிலேயே கிட்டார் எதிரில் வந்து நிற்கிறது. ஆறு நிமிடத்துப் பாட்டு, நடுவில் ஒரு இடத்தில் அடங்கி மறுபடி எழுகிறது. அது முடிந்ததும், விடுதியில் நாங்கள் அறுந்துபோன பாட்டு என்று நினைத்த 'தி ஜர்னி'. ஒன்றே முக்கால் நிமிடம். ஆர்கனும் கிட்டாரும் அவசரமே இல்லாமல் மிதக்கின்றன. பிறகு 'இட்ஸ் ஈஸி' வந்தபோதுதான் அந்த மிதப்பு எதற்கு என்று புரிந்தது. முந்தைய பாட்டின் வேகத்திலிருந்து நம்மை இறக்கி, கொஞ்சம் நிற்க வைத்து, அடுத்ததற்குள் அனுப்புகிறது. முதல் ஆல்பத்திலும் இதே வேலையைச் செய்கிற கருவியிசை ஒன்று உண்டு, 'ஃபோர்ப்ளே'. ஆனால் அது விரட்டுகிற இசை, ஆர்கன் பாய்ந்துகொண்டே போகும். இதுவோ நிறுத்துகிற இசை. நகல் என்று சொல்கிறவர்கள் இரண்டிலும் கருவியிசை இருக்கிறது என்ற மட்டில் நின்றுவிடுகிறார்கள். கடைசியாக 'எ மேன் ஐல் நெவர் பி'. பியானோவோடு தணிந்த குரலில் ஆரம்பித்து, பிராட் டெல்ப் ஏற ஏற, கிட்டார்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்து, ஆறரை நிமிடத்துக்குப் பிறகு விடுகிறது. எனக்குத் தலைப்பாட்டாக இருந்தது இங்கே முடிவுரையாக இருந்தது. முதலில் கேட்டபோது அது பெரிய பாட்டு. மூன்று பாட்டு ஏறி வந்தபின் கேட்டால் இன்னும் பெரிதாகிவிடுகிறது.

முள் தானாக எழுந்து ஓரத்துக்குப் போனது. அவரும் எழுந்தார். தட்டைத் திருப்பப் போகிறார் என்று நினைத்தேன். அவர் அதை எடுத்து உறைக்குள் போடப் போனார். மறுபக்கம்? என்று கேட்டேன். அதை நான் அதிகம் போடுவதில்லை என்றார். ஒன்றும் கோபமாகச் சொல்லவில்லை, பக்கத்து வீட்டுக்காரரோடு பேச்சுவார்த்தை இல்லை என்று சொல்கிற சாதாரணத்தில் சொன்னார். தட்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். முதல் பக்கம் விளக்கு வெளிச்சத்தில் சாம்பல் பூத்திருந்தது. திருப்பினால் கறுப்பு பளபளவென்று மின்னியது. கெஞ்சிக் கேட்டுப் போடச் சொன்னேன். சத்தமே இல்லாமல், கடையில் வாங்கிய அன்று ஒலித்த மாதிரி ஒலித்தது.

இரண்டாவது ஆல்பத்தைப் பற்றி யார் என்ன சொன்னாலும் அந்தத் தட்டைவிட நேர்மையான அபிப்பிராயம் எனக்குக் கிடைக்காது. அவர் வாயால் கேட்டிருந்தால் அவரும் அதே மூன்றையே சொல்லியிருப்பார்: முதலாவது மாதிரியே, சின்னது, அவசரம். சொல்லியும் இருக்கிறார், அதே மதிய உணவு மேசையில். ஆனால் முப்பது வருடத்துக்கும் மேலாக அவர் கை என்ன செய்தது என்று தட்டு சொல்கிறது. இந்த ஆல்பத்தின் ஒரு பக்கத்தை முதல் ஆல்பத்தின் எந்தப் பக்கத்துக்கும் குறையாமல் தேய்த்திருக்கிறார். இன்னொரு பக்கத்தைத் தொடவேயில்லை. அது ஒரு சுமாரான ஆல்பத்துக்குக் கிடைக்கிற தேய்மானம் இல்லை. அருமையான அரை ஆல்பத்துக்குக் கிடைக்கிற தேய்மானம்.

நாலு நிமிடக் கணக்கு

வீட்டுக்கு வந்து பாட்டுகளின் நேரத்தைக் கூட்டிப் பார்த்தேன். 'டோன்ட் லுக் பேக்' முதல் பக்கம் 19 நிமிடத்தை நெருங்குகிறது. இரண்டாம் பக்கம் 15 நிமிடம்தான், நாலு பாட்டு. இடைவெளி ஏறக்குறைய நாலு நிமிடம். முதல் ஆல்பத்தில் இது தலைகீழ். அங்கே மூன்று பாட்டுள்ள முதல் பக்கம் பதினேழரை நிமிடம், ஐந்து பாட்டுள்ள இரண்டாம் பக்கம் 20 நிமிடம். அந்த ஆல்பத்தைத் திருப்பிப் போடுகிறவனுக்கு இன்னும் நிறைய மிச்சம் இருக்கிறது. இந்த ஆல்பத்தைத் திருப்பினால் கொஞ்சம்தான் மிச்சம். ஷோல்ஸ் இன்னும் ஒரு பாட்டு வேண்டும் என்று சொன்னது பொதுப்படையான புலம்பல் இல்லை. அந்த ஒரு பாட்டு எங்கே இல்லாமல் போயிற்று என்று தட்டில் விரல் வைத்துக் காட்டலாம்.

நேரம் மட்டுமா குறை? அந்த நாலு பாட்டில் 'ஃபீலின் சாட்டிஸ்ஃபைட்' கைதட்டலோடு வருகிற குஷிப் பாட்டு, மேடைக்கு நல்லது, வீட்டில் ஒருமுறை கேட்டால் போதும். 'பார்ட்டி' முதல் ஆல்பத்து 'ஸ்மோக்கின்'னின் தம்பி, இரண்டையும் எழுதியது ஷோல்ஸும் டெல்பும் சேர்ந்துதான். நண்பனின் ஜெராக்ஸ் குற்றச்சாட்டுக்கு ஆதாரம் கேட்டால் இந்த ஒரு பாட்டைத்தான் நீட்ட முடியும், நீட்டினால் மறுபேச்சும் இல்லை. கடைசிப் பாட்டு 'டோன்ட் பி அஃப்ரெய்ட்' கதை இன்னும் வேடிக்கை. எபிக் கையெழுத்துப் போடுவதற்குக் காரணமான அந்த நிலவறை டெமோ நாடாவில் 'மோர் தேன் எ ஃபீலிங்'கோடு பக்கத்தில் இருந்த பாட்டு அது. முதல் ஆல்பத்தில் இடம் கிடைக்காமல் நின்றது, இரண்டாவதற்குப் பாட்டு போதாதபோது உள்ளே வந்தது. ஆக முதல் ஆல்பம் மாதிரி இருக்கிறது என்று அதைச் சொன்னால், மாதிரி என்ன, அதே காலத்துச் சரக்குதான். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. வேன் ஹேலன் 1979இல் வெளியிட்ட இரண்டாவது ஆல்பமும் கிளப்புகளில் வாசித்துப் பழகிய பழைய பாட்டுகளை எடுத்துத்தான் நிரப்பப்பட்டது. கையிருப்பு இருக்கிறவன் எடுத்துக் கொடுக்கிறான். ஷோல்ஸிடம் கையிருப்பு அதிகம் இல்லை. முதல் ஆல்பத்துக்கு அவர் வருடக்கணக்கில் சேர்த்ததை அதிலேயே செலவழித்துவிட்டார்.

இப்போது ஃபோனில் கேட்கிறவர்களுக்குப் பக்கம் என்பதே கிடையாது. எட்டுப் பாட்டு ஒரே ஓட்டமாக ஓடுகிறது. நாலாவது பாட்டில் உச்சத்துக்குப் போய்விட்டு அதற்கப்புறம் சரிவு, 34 நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். அப்படிக் கேட்டால் ஆல்பம் முழுவதுமே மூச்சு வாங்கியதாகத்தான் தோன்றும். எந்தப் பாதி மூச்சு வாங்குகிறது என்பது தெரியாமல், அந்த இளைப்பை முழு ஆல்பத்தின் மேலும் பூசிவிடுகிறோம். என் நண்பன் கேட்டதும் அப்படித்தான் இருக்கும்.

வெளியிலிருந்து வருகிற விஷயங்கள் பாட்டுக்குள் புகுந்துவிடுவதற்கு இன்னொரு உதாரணம் இதே ஆல்பத்தில் இருக்கிறது. 'எ மேன் ஐல் நெவர் பி' ஷோல்ஸ் எழுதியது. பிறர் தன்னைப் பற்றி வைத்திருக்கும் பிம்பத்துக்கு ஏற்ப வாழ முடியாத ஒருவனின் பாட்டு. 1978இல் தனிப்பாட்டாக வந்தபோது பட்டியலில் 31ஆம் இடத்தோடு நின்றது. 2007 மார்ச்சில் டெல்ப் தற்கொலை செய்துகொண்டார். அதற்குப் பிறகு ரசிகர்கள் மத்தியில் அந்தப் பாட்டின் மதிப்பு ஏறிவிட்டது, அது அவருடைய வாக்குமூலம் என்பது மாதிரி பேச ஆரம்பித்தார்கள். பாட்டை எழுதியது அவர் இல்லை என்பது அந்தப் பேச்சில் எங்கோ நழுவிவிடுகிறது. விடுதியில் அவர் உயிரோடு இருந்த காலத்தில், யார் எழுதியது யார் பாடியது என்று ஒன்றும் தெரியாமல் கேட்டபோதே அந்தக் குரல் என்னைப் பிடித்து உட்கார வைத்தது. சாவு வந்து சிபாரிசு செய்யவேண்டிய நிலையில் அந்தப் பாட்டு இல்லை.

அவசரப்படாமல் விட்டிருந்தால்?

கம்பெனி விட்டிருந்தால் இரண்டாவது ஆல்பம் எப்படி இருந்திருக்கும் என்று கற்பனை செய்ய வேண்டியதில்லை. மூன்றாவதைப் பார்த்தால் போதும். இனி தயார் என்று நானே சொல்கிறவரை தரமாட்டேன் என்று ஷோல்ஸ் உட்கார்ந்துவிட்டார். இடையில் ராக்மேன் என்ற குட்டி ஹெட்ஃபோன் ஆம்ப்ளிஃபையரைக் கண்டுபிடித்து விற்றார். எபிக்கின் தாய் நிறுவனமான சிபிஎஸ் 1983இல் ஒப்பந்தத்தை மீறினார் என்று 6 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டது. வழக்கில் கடைசியில் ஷோல்ஸ்தான் ஜெயித்தார். 'தேர்ட் ஸ்டேஜ்' 1986இல் எம்சிஏ நிறுவனத்திலிருந்து வந்தது, எட்டு வருடம் கழித்து. ஆல்பமும் முதலிடம், 'அமேண்டா' பாட்டும் முதலிடம். நிதானமாக இழைத்த ஆல்பம், கல்லில் செதுக்கின மாதிரி ஒலிக்கும். ஆனால் அதன் இரண்டு பக்கமும் ஒரே சீராக எனக்கு அலுக்கிறது. 'டோன்ட் லுக் பேக்'கின் முதல் பக்கத்தில் இருக்கும் ஓட்டம் அதில் இல்லை. கம்பெனிக்காரன் கதவைத் தட்டிக்கொண்டே இருந்ததில் ஷோல்ஸுக்கு ஒரு நன்மையும் நடந்திருக்கிறது என்று சொன்னால் அவருடைய ரசிகர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். ஆனால் எனக்கு அப்படித்தான் படுகிறது. இரண்டு வருடம் ஒரு பக்கத்துக்குப் போதுமானதாக இருந்தது. இன்னும் ஆறு மாதம் கொடுத்திருந்தால் மறுபக்கமும் வந்திருக்கலாம். எட்டு வருடம் தேவையில்லை.

இதையெல்லாம் அலுவலக நண்பரிடம் பிறகொரு நாள் சொன்னேன். பக்கங்களின் நிமிடக் கணக்கைக் கேட்டு ஆச்சரியப்பட்டார், அவருக்கே அது தெரியாது. மூன்றாவது ஆல்பம் பற்றி நான் சொன்னதை ஒரேயடியாக மறுத்தார். அதை வாங்கிய வருடம்தான் அவருக்குக் கல்யாணமாம், 'அமேண்டா'வை யாரும் தொடக்கூடாது. இரண்டாவது ஆல்பத்தின் இரண்டாம் பக்கத்தில் மூன்றாவதாக வருகிற 'யூஸ்டு டு பேட் நியூஸ்' பற்றியும் ஒரு தகராறு உண்டு. டெல்ப் தனியாக எழுதிய பாட்டு அது, மூன்று நிமிடத்துக்கும் குறைவு. ஷோல்ஸின் பாட்டுகள் எல்லாம் கோபுரம் கட்டப் பார்க்கும்போது இது மட்டும் வந்த வேலையை முடித்துக்கொண்டு கிளம்பிவிடும். பாஸ்டனின் இரண்டு ஆல்பங்களிலும் அதைப்போல் லேசான இன்னொரு பாட்டு இல்லை என்பது என் கட்சி. அந்த ஒரு பாட்டுக்காகவாவது தட்டைத் திருப்பலாம் என்றேன். அதற்கு எழுந்துபோய்த் திருப்ப வேண்டும், முன்னால் இரண்டு பாட்டைத் தாண்ட வேண்டும், இந்த முழங்காலை வைத்துக்கொண்டு அது கட்டுப்படியாகாது என்றார்.